மோப்ப டீச்சரும் மிச்ச வாளியும்

பால்காரர் சிரித்துக்கொண்டே பால் ஊற்றினால் அன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பது மோப்ப டீச்சரின் முடிவு. சிரிக்காமல் ஊற்றினால், மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் ஊற்றுகிறார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஆசையாக நீட்டிய ரோஜாவை முகர்ந்து பார்த்து, "நேத்துப் பறிச்சதா?" என்று கேட்டவள் அவள். அடுத்த தெருவில் பால் பொங்கினால் இங்கே எழுந்து போய்த் தன் அடுப்பை அணைப்பாள். அப்படி ஒரு மூக்கு.

பள்ளியில் அவள் எடுத்தது உணவுப் பாடம். ஒரு காய் எந்த மண்ணில் விளைகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு தூரம் வண்டியேறித் தட்டுக்கு வருகிறது, உள்ளே போய் உடம்புக்கு என்ன செய்கிறது, மிச்சம் எங்கே போகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. பள்ளியின் பின்பக்கம் ஒரு பீன்ஸ் பாத்தியும் எருக்குழியும் போட்டிருந்தாள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு வாளி. பிள்ளைகள் தின்னாமல் ஒதுக்கிய காயெல்லாம் அதில் விழும். பிறகு குழிக்குப் போகும். வாளி தினமும் வழிந்தது.

தலைமையாசிரியைக்கு அதுதான் கண்ணை உறுத்தியது. "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள வாளி பாதியாகணும் டீச்சர். இல்லேன்னா உங்க பீரியடைக் கணக்கு சார்கிட்ட கொடுத்துடுவேன். அவரும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கார்."

நடையாய் நடந்து, செருப்புத் தேய வாங்கிய பீரியட் அது. டீச்சர் அதை விடுவதாக இல்லை. விழுந்து விழுந்து பாடம் எடுத்தாள்.

வாளி பாதியானது. அடுத்து அடியில் கொஞ்சம் கிடந்தது. பிறகு துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

"பார்த்தீங்களா, எல்லாம் உங்க பாடம் செஞ்ச வேலை" என்றார் தலைமையாசிரியை.

வேறொருத்தியாக இருந்தால் மிட்டாய் கொடுத்திருப்பாள். நம்மவளுக்குத் தூக்கம் போயிற்று. பீட்ரூட்டைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் ஓடுகிற பிள்ளைகள் ஒரு பாடத்தில் திருந்திவிட்டார்களா? பாடத்தின் லட்சணம் எடுத்தவளுக்குத் தெரியாதா?

முதலில் கணக்கு சார்மேல் சந்தேகம். அவரே யாருக்கும் தெரியாமல் வாளியைக் கொட்டிவிட்டு, கடைசியில் 'பாருங்கள் மோசடி' என்று கூப்பாடு போடப் போகிறார். ஆனால் அந்த மனிதர் சட்டையில் சுண்ணாம்புத் தூள் பட்டாலே பதறுகிறவர், வாளியைத் தொடமாட்டார். அடுத்த சந்தேகம் பள்ளிச் சமையற்காரி மேல். அவள் வேறு யாருமல்ல, டீச்சருடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் கோழிகள் சமீபமாகப் பெருத்துவிட்டிருந்தன. எப்படிப் பெருத்தன என்றால், சேவல் கூவத் தொடங்கி, மூச்சு வாங்கி, பாதியில் உட்கார்ந்துவிடும். மீதியை அடுத்த வீட்டுச் சேவல்தான் கூவி முடிக்க வேண்டும்.

"கோழிக்கு என்ன போடறே?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள் டீச்சர்.

"தீனிதான் அக்கா."

"எந்தத் தீனி?"

"கோழி திங்கற தீனி. ஏன், உங்களுக்கும் ஒரு கை போடவா?"

பதிலைச் சுற்றி வளைக்கிறாள் என்றால் திருட்டு உறுதி. மறுநாள் மதியம் டீச்சர் வழக்கம்போல் ஆசிரியர் அறைக்குப் போய் வீட்டுச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், வெங்காய மூட்டைக்குப் பின்னால் பதுங்கினாள்.

அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. வாயாடி என்று எல்லோரும் அழைக்கும் சிறுமி, மூடி போட்ட டப்பா ஒன்றை மடியில் மறைத்தபடி பெஞ்சு பெஞ்சாகப் போனாள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் காய் அதற்குள் நழுவியது. டப்பா பின்கதவு வழியாக ஓரகத்தி கைக்குப் போனது. ஓரகத்தி அதைத் தன் பைக்குள் வைத்தாள். அதே பையிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் இட்டாள். வெந்ததை உரித்து, பாதி பாதியாக நறுக்கி, பிள்ளைகளுக்கே பரிமாறினாள்.

டீச்சர் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். தலையெல்லாம் வெங்காயச் சருகு.

"என்ன நடக்குது இங்க?"

வாயாடி கொஞ்சமும் அசரவில்லை. "நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க, ஒருத்தர் மிச்சம் இன்னொருத்தருக்குச் சாப்பாடுன்னு. நாங்க கோழிக்குக் கொடுக்கறோம். கோழி எங்களுக்குக் கொடுக்குது."

"காய் சாப்பிடணும்னும்தானே சொன்னேன்."

"அது முந்தின பாடம்."

டீச்சர் ஓரகத்தி பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லக்கூடாதா?"

"வாளி காலியானாத்தான் உங்க பாடம் நிலைக்கும்னு பிள்ளைங்க சொல்லிச்சுங்க. நான் எப்படி வாயத் திறப்பேன்?"

"என் மேல உனக்கு எப்போதிருந்து இவ்வளவு பாசம்?"

"பாசமா? கணக்குப் பாடம் முடிஞ்சு வந்தா பிள்ளைங்க அழுத மூஞ்சியோட சாப்பிடுதுங்க. எனக்குப் பார்க்கச் சகிக்கல."

பேசாமல் இருந்திருந்தால் பீரியட் பிழைத்திருக்கும். ஆனால் ஊரையே சந்தேகப்படுகிறவள் தன்னை மட்டும் விட்டுவைப்பாளா? நாளைக்கு எந்த முகத்தோடு பாடம் எடுப்பது? நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "அப்போ காயை யாரும் சாப்பிடல."

"இல்லை."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா, நம்ம கூடத்துக் காயை?"

டீச்சர் எங்கே சாப்பிட்டாள்? ஓரகத்தி சமையலில் என்ன கிடக்குமோ என்று அவள் பள்ளிச் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடுங்க. பருவம் முடியட்டும், அப்புறம் பேசலாம்."

மறுநாள் கூடமே மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. தட்டில் முட்டைகோஸ். சாம்பல் நிறம். வாயில் வைத்தால், துவைத்த துணியைப் பிழியாமல் கவ்வியதுபோல் இருந்தது. இத்தனை கண்களுக்கு முன்னால் துப்பவும் முடியாது. விழுங்கினாள். விழுங்கிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"இதை எப்போ அடுப்பில வச்சே?"

"காலையில வந்ததும். பிள்ளைங்க வயித்துக்குச் சேரணுமே."

"வயித்துக்குச் சேர இதுல என்ன மிச்சம் இருக்கு?"

"அப்போ நீங்களே வந்து கிண்டுங்க அக்கா. நான் கைகட்டி நிக்கறேன்."

"கிண்டறேன். வகுப்போட வந்து கிண்டறேன்."

அதிலிருந்து உணவுப் பாடம் சமையலறையிலேயே நடந்தது. பிள்ளைகள் பாத்தியில் பீன்ஸ் பறித்தார்கள், கோணல்மாணலாக நறுக்கினார்கள், கொஞ்சம் எண்ணெயும் உப்பும் போட்டு, பச்சை மாறுவதற்குள் இறக்கினார்கள். தான் நறுக்கிய துண்டை இன்னொருத்தி எடுத்தாள் என்று வாயாடி சண்டை பிடித்தாள். டப்பாவைத் தேடுவார் இல்லை. ஓரகத்தி ஒரு துண்டை வாயில் போட்டு, "வேகவே இல்லை" என்றாள். இன்னொன்றும் எடுத்தாள்.

பருவத்தின் கடைசி நாள் தலைமையாசிரியை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். காலியாக இல்லை. பாதிக்குக் கொஞ்சம் கீழே கிடந்தது. "பாதிதானே கேட்டேன்" என்றார். "பீரியட் உங்களுக்கே இருக்கட்டும்."

அவர் போனதும் டீச்சர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இந்தப் பாதியிலும் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ? சேலையை இழுத்துச் செருகினாள். கையை முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டு, அடிவரை துழாவினாள். எல்லாம் பீட்ரூட். உண்மையாகவே பிடிக்காமல் பிள்ளைகள் ஒதுக்கிய பீட்ரூட்.