எட்டுப் பிரதிகள்

எழுபதுகளில், படிப்புக் கடன் தீர்ந்த பிறகும் என் ஆசிரியச் சம்பளத்தில் இரண்டு மாதம் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். சம்பளம் போடும் பதுளைக் கந்தோருக்குப் புகார் எழுதினேன். மனு என்றால் மந்திரி வரைக்கும் பிரதி அனுப்புவது எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம். நான் எட்டு அனுப்பினேன். காரம் போதாதென்று, ‘உங்கள் கிளார்க் பணத்தை விழுங்கிவிட்டார்’ என்றும் சேர்த்தேன். என் எழுத்தை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

விசாரணையில் அந்தக் கிளார்க் பேரேட்டைத் திறந்து காட்டினார். கூடுதல் பணம் என் பெயரிலேயே பத்திரமாக இருந்தது.

“ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே, மாஸ்டர்? எனக்கு மூணு புள்ளைங்க.”

“புத்தியில்லாம எழுதிட்டேங்க. இப்பவே வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“இத வாங்கிருவீங்க. மத்த எட்டும் எங்கெங்க சுத்துதோ?”

பணம் திரும்பி வந்தது. எந்தப் பிரதி வேலை செய்ததோ, அந்தக் கிளார்க்கைக் காட்டுப் பக்கம் மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களை, “மொதல்ல நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிடுகிறேன். மாஸ்டருக்குச் சோம்பல் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.