துவக்கில்லாத ஸ்கோப்

லண்டன் வெம்பிளியில் பாலசுப்பிரமணியன் துவக்கு வாங்கிவிட்டார் என்று ஒரே கிழமையில் மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். விசாரித்ததில், மூவருக்கும் சொன்னவர் துசியந்தி. பாலசுப்பிரமணியனின் பக்கத்து வீட்டுக்காரி. உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போனவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். மேல்மாடி யன்னலில் துப்பாக்கிக் குழல்போலக் கறுப்பாக ஒன்று. அதற்குப் பின்னால் பாலசுப்பிரமணியனின் ஒரு கண். மற்றக் கண் மூடியிருந்ததாம். அந்த மூடிய கண்தான் தன்னை நடுங்க வைத்தது என்றார்.

ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் துவக்கு என்ற சொல்லை மெல்லச் சொன்னாலும் உரத்துக் கேட்கும். மரக்கறிக் கடையில், "அமைதியான மனுசன்" என்று அவருக்காகப் பேச வந்த ஒருவர், "அமைதியான ஆக்களிலைதான் கவனமாயிருக்கோணும்" என்று அடுத்த வசனத்திலேயே கட்சி மாறினார். பொலிஸுக்குச் சொல்லமுன் தெரிந்த ஆள் ஒருவர் போய்ப் பார்ப்பது நல்லது என்று முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போறதுதான் போறியள்," என்றார் துசியந்தி. "என்ரை தேங்காய் திருவுற மெஷினையும் வாங்கிக்கொண்டு வாங்கோ. சம்பலுக்கெண்டு இரவல் வாங்கினவர், பங்குனி மாசம்."

பாலசுப்பிரமணியன் கதவைத் திறந்தபோது வலக்கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் இருந்தது. "வாரும் தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மெல்ல வாரும். மூண்டாம் படி சத்தம் போடும், அதைத் தாண்டி வாரும்."

மேல்மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, யன்னல் விளிம்பில் இறுக்கிப் பூட்டிய துசியந்தியின் தேங்காய் மெஷின். மெஷினின் பல்லுக்குக் காலுறை மாட்டி, அதன் கழுத்தில் முழங்காலுக்குச் சுற்றும் இழுவைப் பட்டியால் ஒரு ஸ்கோப்பை, துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் தூரக்கண்ணாடியை, கட்டியிருந்தார். துசியந்தி தன்னுடைய மெஷினைக் கண்டுதான் நடுங்கியிருக்கிறார்.

"துவக்கு எங்கை அண்ணை?"

"துவக்கு அல்பேட்டாவிலை."

கனடாவின் அல்பேட்டாவில் அவருடைய தங்கை கலாவதி ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். அங்கே கயோட்டி என்றொரு மிருகம். "நரியெண்டும் சொல்லேலாது, ஓநாயெண்டும் சொல்லேலாது. ரெண்டின்ரையும் கெட்ட குணம் மட்டும் இருக்காம்." விடியலிலும் பொழுதுபடும் மைம்மலிலும் வந்து குட்டிகளைக் கொண்டுபோகிறது. போன வருடம் பாதிக் குட்டி போய்விட்டது. இந்த வருடமும் அப்படியே போனால், ஆடுகளை விற்றுவிட்டு டொரொன்ரோவில் மகளின் நிலக்கீழ் அறைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்று கலாவதி சொல்லிவிட்டார். கணவர் கனகலிங்கத்திடம் துவக்கும் அனுமதியும் இருக்கின்றன. மைம்மலில் குறி பார்க்கக் கண் இல்லை. அதற்குத்தான் ஸ்கோப். எந்த ஸ்கோப் என்பதை அண்ணன் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஏன் சொல்ல வேண்டும் என்பது வெம்பிளியில் யாருக்கும் விளங்கும். இங்கே தமிழர் வீடுகள் பலவற்றில் பொயிலர், மெத்தை, கலியாண மண்டபம் எல்லாம் அவர் தெரிந்தெடுத்தவை. ஹவுன்ஸ்லோவில் ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட் முடித்து வந்து, மிச்ச நேரமெல்லாம் மற்றவர்களுக்குச் சாமான் தெரிந்தெடுப்பது அவர் வழக்கம். தன்னுடைய மெத்தை மட்டும் நடுவில் குழிந்து கிடக்கிறது. தனக்கு எது சரிவரும் என்று அவர் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

விசாரிப்பதென்றால் மாப்பிள்ளைக்கு விசாரிப்பது போலத்தான். இணையத்தில் எழுதியிருப்பதை அவர் மதிப்பதில்லை. "ஐஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கிறான். ஆரின்ரை மகன் எண்டு சொல்லேல்லையே?" ஆகவே நோர்வேயில் மான் சுடுகிற கிருசாந்தன் என்பவரை, ஒன்றுவிட்ட உறவொன்றின் வழியாகப் பிடித்திருந்தார். அன்று நான் இருக்கும்போதே ஒலிபெருக்கியில் அவருடைய அழைப்பு வந்தது.

"ஆளை எத்தினை வருசமாத் தெரியும்?" என்று கிருசாந்தனின் ஸ்கோப்பைப் பற்றிக் கேட்டார்.

"நாலு வருசம் அண்ணை. நல்ல இடம். கண்ணாடி ஜேர்மனி."

"குளிருக்கை எப்பிடி?"

"பனிப்புகார் பிடிக்காது. கொஞ்சம் பாரம்தான்."

"பாரம் கிடக்கட்டும். முதல் வைச்சிருந்தவர் ஏன் விட்டவர்?"

"அவர் செத்துப்போனார் அண்ணை."

"நோய் வருத்தத்திலையோ?"

"வருத்தத்திலைதான்."

பாலசுப்பிரமணியன் திருப்தியோடு தலையாட்டினார்.

காகிதத்தில் படித்ததையும் காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது அவருடைய அடுத்த கட்டம். தபாலில் எடுத்து, பார்த்து, பெட்டி கசங்காமல் திருப்பி அனுப்புவார். இப்போது கையில் இரண்டு இருந்தன. ஒன்று இருபத்தைந்து மடங்கு வரை கிட்டக் கொண்டுவரும் பெரியது. கனகலிங்கத்துக்கு அதில்தான் விருப்பம். மற்றது மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் போகிற சின்னது. பரிசோதனைக்குக் கயோட்டி கிடையாது. வெம்பிளியில் நரிதான்.

"பாரும்," என்று பெரியதைக் காட்டினார்.

பின்வளவுக் கொட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பெண்நரி வெளியே வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. மீசையில் சேறு. வாயில் கோழி எலும்பு. அதில் ஒட்டியிருந்த கறித்தூளின் நிறத்தைப் பார்த்து, யாருடைய குப்பைப் பை என்றுகூட என்னால் ஊகிக்க முடிந்தது. பின்னால் மூன்று குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு வந்தன.

"நல்லாத் தெரியுது அண்ணை."

"அதுதான் பிழை."

"தெரியிறதோ?"

"மூஞ்சை வலு கிட்ட வருது."

இது கண்ணாடியின் குறையா என்று கேட்டேன். கண்ணாடியில் குறையில்லை என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கணக்காகப் பேசினார். கயோட்டி தூரத்தில் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்காது. பற்றைக்குள் இருந்து திடீரென்று கிட்ட ஓடும். பெரியதால் பார்த்தால் மயிர் மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கத்து மயிர் என்றும் தெரியாது. சின்னதில் அகலமாகத் தெரியும். எல்லாம் சரியான நியாயம். அப்படியென்றால் ஏன் மூன்று கிழமையாகத் தங்கைக்குச் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் கலாவதியின் அழைப்பு வந்தது. பாலசுப்பிரமணியன் அதையும் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணை, இண்டைக்கு விடிய ரெண்டு குட்டி."

"சுகமாப் பிறந்ததோ?"

"பிறந்தது போன கிழமை. இண்டைக்குக் கயோட்டி கொண்டு போட்டுது."

அவர் யன்னலைப் பார்த்தார்.

"இன்னும் பாத்து முடியேல்லையே?"

"ஓமடி, இஞ்சை ஒரு நரி நிக்குது. அதை வைச்சுத்தான் பாக்கிறன். மூண்டு குட்டி..."

"வடிவா இருக்கு. நான் ஆடு வளக்கிறன், நீங்கள் நரி வளக்கிறியள்."

"அவசரப்பட்டு எடுக்கிற சாமானில்லை கலா."

"என்னண்ணை பாக்கிறியள் அதிலை, இவ்வளவு நாளா?"

"பெரிசிலை மூஞ்சையெல்லாம் தெரியுது."

"எனக்கு மூஞ்சை வேண்டாம். நெஞ்சு தெரிஞ்சாப் போதும். எது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் இவர் கேப்பார். நீங்கள் சொல்லாமல் நான் எதையெண்டாலும் வாங்கினனானோ?"

கீழே ஒரு குட்டி எலும்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது. தாய் விட்டுக்கொடுத்தது.

"சின்னன்," என்றார் பாலசுப்பிரமணியன். "மூண்டு, ஒன்பது. மூண்டிலை வைச்சிருக்கச் சொல்லு. ஓடுறது ஓட்டத்திலை தெரியும். கண்ணைக் கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லு, துவக்கு உதைச்சால் புருவம் பிளக்கும்."

"அவ்வளவுதானே? அதை முதலே சொல்லியிருக்கலாம்." ஐந்து நிமிடத்துக்குள் வட்ஸ்அப்பில் கடைச் சிட்டையின் படம் வந்தது. வருகிற திங்கள் கையில் கிடைக்குமாம்.

அவர் பட்டியை அவிழ்த்தார். பெரிய ஸ்கோப்பை நுரைப்பெட்டியில் படுக்க வைத்து, இரண்டு முனைக்கும் மூடி போட்டார். மெஷினைக் கழற்றி, காலுறையை உருவி, பல்லை ஒருமுறை சட்டையில் துடைத்து என் பையில் வைத்தார். "துசியந்திப் பிள்ளையிட்டைக் குடும். பிந்திப்போச்சு, குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லும்." நான் மூன்றாம் படியைத் தாண்டி இறங்கினேன்.

சப்பாத்துப் போடும்போது பின்வளவில் குட்டிகள் கீச்சிட்டன. மேலே காலடி வேகமாகக் கேட்டது. அவர் இறங்கி வந்து, என் பைக்குள் கையை விட்டு மெஷினை வெளியே எடுத்தார்.

"நாளைக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லும், தம்பி."

மேலே போய்ப் பார்த்தேன். மெஷின் யன்னலில் பூட்டியாகிவிட்டது. குட்டிகளை நோக்கிச் சின்ன ஸ்கோப்பைக் கட்டினார். வளையம் மூன்றில் இருந்தது. இடக்கண்ணை மூடிக்கொண்டு, அதை மெல்ல மெல்ல ஒன்பதுவரை திருப்பினார்.