ஆத்து லயத்துக்குப் பதில்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் விளையாட்டு இல்லங்களுக்குச் சிவப்பு, நீலம் என்றெல்லாம் பெயர் கிடையாது. மேல் லயம், ஸ்டோர் லயம், ஆத்து லயம். பிள்ளைகள் எந்த வரிசை வீடுகளிலிருந்து வருகிறார்களோ, அதுவே இல்லத்தின் பெயர். கோயில் பஜனைக் குழுவுக்கும் கிறிஸ்துவக் குடும்பங்களின் ஜெபக் குழுவுக்கும் இதே பெயர்கள்தான். சாமி வேறானாலும் விலாசம் ஒன்று.

இங்கே மாற்றலாகி வந்த புதிதில் விளையாட்டுப் போட்டியன்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் அந்த இல்லம் “வந்தாச்சு!” என்று கத்தும். அதுதான் வழக்கம். பனியில் கோல் கம்பம்கூடத் தெரியவில்லை. மேல் லயம் கத்தியது. ஸ்டோர் லயம் இன்னும் பலமாகக் கத்தியது. ஆத்து லயம் என்றதும் எல்லாப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆளில்லாத பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் வந்தது.

“வந்தாச்சு.”

“யாரு டீச்சர் அது?” என்றேன், பக்கத்தில் நின்றவரிடம்.

“ஆத்து லயத்துல யாரும் இல்லையே சார். மழையில மல சரிஞ்சு லயமே மண்ணுக்குள்ள போய்டுச்சு.”

நான் ஓடவில்லை. கால்கள் ஓடின, நான் கூடப் போனேன். கழுத்தில் தொங்கிய விசிலை எப்போது வாயில் வைத்தேனோ, ஒவ்வொரு மூச்சுக்கும் அதுவே ஊதியது. பந்தயம் தொடங்கிவிட்டதென்று பிள்ளைகளும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து கேண்டீன் அக்கா கரண்டியோடு வந்தார். “நாந்தான் சார் சத்தம் குடுத்தேன். பேயின்னு நெனச்சிட்டீங்களா? பேயா இருந்தா தெனமும் உங்களுக்கு மீ நூடுல்ஸ் பெரட்டிப் போடுமா லா?”

எல்லாரும் சிரித்தார்கள். மானத்தைக் காப்பாற்ற நான் வாயைத் திறந்தேன். “இல்லாத லயத்துக்கு எதுக்குக்கா பேரு? அடுத்த வருஷம் கலரு வச்சிடலாம்.”

அவர் சிரிப்பு நின்றது.

“என் மவன் அந்த இல்லத்துக்குத்தான் ஓடுவான் சார். அவனும் அந்த மண்ணுலதான் கெடக்கான். ஜெபத்துல அவன் பேரச் சொல்லி அழுவோம். ஓட வான்னு கூப்பிடறது இங்க மட்டுந்தான்.”

பெயரை யாரும் மாற்றவில்லை.

இந்த வருடம் அக்கா ரிங்லெட் டவுனிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டார். அதே பனி. ஆத்து லயம் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். மைக்கை இறக்கிவிட்டு, “வந்தாச்சு” என்றேன்.

பனிக்குள்ளிருந்து அது திரும்பி வந்தது. எதிரொலிதான். என் குரலைவிடக் கொஞ்சம் சின்னக் குரலாக இருந்தது, அவ்வளவுதான்.

விசிலை மட்டும் முன்யோசனையாக வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.