மச்சானின் மண்வெட்டி

மாரி மழை வாவியை ஊதிப் பெருக்கி, தெருவையும் வாவியாக்கப் பார்த்துக்கொண்டிருந்த மாலை. குருக்கள்மடத்தில் என் தங்கை வீட்டில் தொலைக்காட்சி முன் குந்தியிருந்தோம். ஜனாதிபதி நினைத்தபடி நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாதென்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தங்கையின் கணவர், எனக்கு மச்சான், ஊர் விவசாயச் சங்கத் தலைவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிக் கைதட்டினார்.

"பாத்தியா மச்சான்! ஜனாதிபதியெண்டாலும் சட்டத்துக்குள்ளதான். ஒரு ஆள் நினைச்ச உடன நாட்டைப் பிரட்ட ஏலுமா?"

கைதட்டு அடங்குமுன் கைபேசி கதறியது. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், அவருடைய வயல் கிடக்கும் வட்டை வெளி முழுதும் வெள்ளம். இன்னும் நின்றால் பயிர் அழுகிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால்தான் தண்ணீர் வடியும்.

"விடிஞ்சதும் நானே போய் வெட்டுறன். தலைவர் நான்!"

முகத்துவாரத்தைத் தனியாள் வெட்டுவது எங்கள் பக்கம் வழமையில்லை. விவசாயிகள் கேட்க வேண்டும், மீனவர் சங்கம் இணங்க வேண்டும், மாவட்டச் செயலகமான கச்சேரி அனுமதிக்க வேண்டும். வெள்ளத்தோடு இறாலும் கடலுக்குப் போய்விடுமே. மீனவர் சங்கச் செயலாளரோ என் தங்கை. மச்சான் குடியிருப்பதும் அவளுக்குச் சீதனமாய் வந்த வீட்டில்.

அவள் மண்வெட்டியைத் தூக்கி அடுப்படிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்க, இப்பதானே கைதட்டினீங்க?"

"அது ஜனாதிபதிக்கு, புள்ள. நான் சும்மா சங்கத் தலைவர்தானே."

"அப்ப சும்மா இருங்க."

மச்சான் தீர்ப்புக் கேட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நீதித்துறை சுயாதீனமாக இருப்பது அவ்வளவு இலேசான வேலையில்லை.

மறுநாள் காலை மீனவர் சங்கக் கட்டடத்தில் மச்சான் எழுந்து நின்று பேசினார். மனைவியை அவர் "செயலாளர் அம்மா" என்றதும் பின்வரிசை வாங்கில் யாருக்கோ தேநீர் புரையேறியது. பயிரைப் பற்றிச் சொல்ல வந்தபோது குரல் உடைந்தது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கை தன் ஆட்களிடம் குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இண்டைக்கு எங்களை வலை போட விடுங்க. மறுகா நாளைக்கு வெட்டுவம்."

கச்சேரியும் தலையாட்டியது. அடுத்த நாள் மணலில் ஒரு சின்ன வாய்க்கால்தான் வெட்டினோம். மிச்சத்தைத் தண்ணீரே பிய்த்தெறிந்துகொண்டு, ஒரு சங்கத்தையும் கேளாமல், கடலுக்குப் பாய்ந்தது.

பயிரின் தலை தெரிகிறதென்று படுவான்கரையிலிருந்து சேதி வந்த மாலை, தங்கை வீட்டில் இறால் கறி. மச்சான் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு கரண்டி போடவும் கூட்டம் வைக்கோணுமோ?"

"வேணாம். கேட்டாப் போதும்."