கை நனைக்காமல் ஒரு மதியம்

உள்ளே கால் வைப்பதற்குள் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். லேசாக இல்லை, கண்ணில் பூச்சி பறக்கிற அளவுக்கு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டு வாசலில் நிலை இடிப்பது எங்கள் பக்கத்தில் நல்லதில்லை. இடித்துவிட்டால் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு. ஆனால் அந்த வீட்டில் நான் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றபோதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீடு என்கிறேனே தவிர, மேலேதான் வீடு. கீழே பப். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் கடைசியில், சர்ச்சுக்கு எதிரே, கை தூக்கினால் உத்தரம் இடிக்கிற பழைய கட்டடம். மாப்பிள்ளைப் பையனின் அப்பா அதை நடத்துகிறார்.

நாங்கள் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். ஒரே மகள். படிக்கப் போனவள் அங்கேயே வேலையில் சேர்ந்தாள். ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். அவனுடைய அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டேன். பப் என்றாள். போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஆசாரி முதல் பெயிண்டர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னிடம் திட்டு வாங்கினார்கள்.

சொந்தக்காரர்களிடம் மாப்பிள்ளை வீட்டில் ஓட்டல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தோம். சைவமா அசைவமா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றேன். திருச்செங்கோட்டிலிருக்கும் என் அக்காவிடம் மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை. பெற்றவர்கள் போன பிறகு எனக்கு நல்லது கெட்டது எல்லாம் அவள்தான். சாராயக் கடைக்கா நம் பெண்ணைக் கொடுப்பது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே வந்தாள்.

"ஊட்டைப் பாக்காம வேண்டாம்னு சொல்றதும் பாவம். போய்ப் பாரு. ஆனா மனசுக்குப் புடிக்காம கை நனைச்சுராத சாமி. தண்ணிகூட வேண்டாம்" என்றாள்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்மதம் என்றால்தான் அங்கே கை நனைப்போம். சாப்பிட்டுவிட்டால், குடித்துவிட்டால், பெண்ணைக் கொடுத்த மாதிரி. அதற்கப்புறம் பேச்சு மாறக்கூடாது. பிடிக்கவில்லையென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. வைத்ததைத் தொடாமல் எழுந்து வந்தால் போதும், புரிந்துகொள்வார்கள்.

மகளுக்கு இது தெரியும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இப்படி ஒரு வீடு பார்க்கப் போன இடத்தில், தட்டிலிருந்த முறுக்கை எடுத்து வாயில் வைக்கப்போய் அக்காவிடம் அடி வாங்கியவள் அவள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அடியை மறந்திருப்பாள், அந்த வழக்கத்தை மறந்திருக்கமாட்டாள். எங்களுக்கு டிக்கெட் போடும்போது அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அவள் கேட்டுக்கொள்வாள். எங்கள் பெண் சொன்னால் சொன்னதுதான். அதுதான் எனக்குப் பயம்.

பையன் வாசலுக்கே வந்து "வணக்கம்ங்க" என்றான். அந்த "ங்க"வை மகள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள். சரியாகச் சொன்னதே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுடைய அம்மா என் மனைவியைக் கையைப் பிடித்து உள்ளே சமையலறைக்குக் கூட்டிப்போய்விட்டார். அப்பா பெரிய ஆள், என்னைவிட ஒரு சாண் உயரம். எந்நேரமும் குனிந்தே நடக்கிறார். அந்தக் கட்டடத்தில் வேறு வழியில்லை. கணப்புக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். என்ன குடிக்கிறீர்கள் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். டீ என்றார். வேண்டாம். ஆரஞ்சு ஜூஸ். வேண்டாம். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அதை விரலால் ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. ஒரு பாடி முடித்து லாரியை வெளியே விடுகிற நாளில் பட்டறை ஆட்களோடு ஒரு பீர் உண்டு. அதனால் விரதம், சத்தியம் என்று எதையும் சொல்லித் தப்பிக்க முடியாது. மகள் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது சாப்பிட்ட புளிச்சோறு தொண்டையில் நின்றது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். தலை வேறு விண்விண் என்று தெறித்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், நடந்தேன், வெளியே போனேன், குனிந்து உள்ளே வந்தேன். தூண்களைத் தட்டிப் பார்த்தேன். மரத்தில் குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு பூச்சி அரிப்பு, ஒரு ஒட்டுப்போட்ட துண்டு, ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். எல்லாம் நாள்பட்ட ஓக் மரம், ஒட்டு தெரியாத சேர்ப்பு. சரி, மரத்தை விடு, மனுசர்களைப் பார்ப்போம் என்று பார்த்தேன். எங்கள் ஊரில் சாராயக் கடைக்கு முன்னால் சட்டை பொத்தான் கழன்று கிடப்பார்களே, அப்படி ஒருத்தன் விழுந்தால் போதும், மகளிடம் காட்டிவிடலாம். ஒருத்தனும் விழவில்லை. ஒரு கிழவர் நாய்க்கு பிஸ்கட் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிற்பதைப் பார்த்து ஒருவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வேண்டாத பொண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். நான் அதற்கும் வழியில்லாமல் நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாராயமும் இல்லை, சாதியும் இல்லை, வெள்ளைத் தோலும் இல்லை. இங்கே கொடுத்துவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். அவ்வளவுதான் விஷயம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஊரான் வீட்டில் பூச்சி அரிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்லாமேடையில் பீர் இறைக்கிற கைப்பிடிகள் வரிசையாக நின்றன. தோட்டத்து அடிபம்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்துத்தான் ஊற்றுகிறார்கள். ஒவ்வொன்றிலும் பீரின் பெயர் எழுதிய தகடு. ஒன்றில் மட்டும் தகடு சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது. வருகிறவர்கள் அதைக் காட்டிக் கேட்பதும், பையன் தலையாட்டி மறுப்பதுமாக இருந்தது. கேட்டவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுடைய அப்பாவும் நிலைகொள்ளாமல் கீழே நிலவறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கிற அன்று இன்குபேட்டர் அறைக்குப் போய்ப்போய் வருவார்களே, அந்த மாதிரி. கடைசியில் என்னையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். மொழிபெயர்த்துச் சொல்ல மகளும் வந்தாள்.

நிலவறையில் குளிர்ச்சி இருந்தது, ஐஸ் போட்ட குளிர்ச்சி இல்லை, கிணற்றுக்குள் இறங்கினால் இருக்குமே, அது. மரச்சட்டத்தில் பீப்பாய்கள் படுத்திருந்தன. இந்த ஏல் என்கிற பீர் இங்கே வந்த பிறகும் உள்ளே பொங்கிக்கொண்டுதான் இருக்குமாம். மேலே ஒரு மர ஆப்பு அடித்திருக்கிறார், அதன் வழியாக அது மூச்சு விடுமாம். அசைக்காமல் போட்டு வைத்தால்தான் மண்டி அடியில் தங்கும். திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். மகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கள் மாதிரிதானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மென்று முழுங்கிக்கொண்டேன்.

கடைசிப் பீப்பாயைத் தட்டிக் காட்டினார். நாங்கள் வருகிறோம் என்று வரவழைத்ததாம், அசைக்காமல் காத்து வைத்திருந்ததாம். தகடு திரும்பியிருந்தது இதற்குத்தான். பெண்ணின் அப்பா முதலில் குடிக்கட்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி என்னிடம் நீட்டினார். தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மகள் என் கையைப் பார்த்தாள். நான் வாங்கினேன். வாங்கிப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டேன்.

அவர் மெதுவாக என்னவோ சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு கேக்கறாருங்கப்பா" என்றாள். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "வேண்டாம்னா வேண்டாம்னு வாயில சொல்லிப்போடுங்க. டம்ளரை மட்டும் தள்ளித் தள்ளி வெக்காதீங்க."

விறுவிறுவென்று படியேறினேன். படி முடிகிற இடத்து உத்தரத்தில், உள்ளே வரும்போது தலையில் பட்ட அதே இடத்தில், மறுபடியும் இடித்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே பேச்சுச் சத்தம் நின்றது. அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்து என் தலையைப் பிடித்துப் பார்த்தார். பையன் தண்ணீரும் கையுமாக நின்றான். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள்.

"மொதல்ல அந்தத் தண்ணியக் குடிங்க" என்றாள்.

நான் அவளை முறைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானையில் கேக் பொடி. நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"வந்ததுமே சாப்பிட்டுட்டேனுங்க" என்றாள். கொஞ்சம்கூடப் பயமில்லை. "புள்ள மூஞ்சிய நீங்க பாக்கலைங்களா?"

பார்க்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் என் கையைப் பார்த்தாள், நான் உத்தரத்தைப் பார்த்தேன். இப்போது பார்த்தேன். நிலவறைப் படியின் அடியில், அக்கா அடித்து முறுக்கைப் பிடுங்கிய அன்றைக்கு நின்ற மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நேரமும் ஏதோ நான் ஒருத்தன்தான் முடிவு செய்யப்போகிறவன் மாதிரி விறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வீட்டுக்காரி வந்த கையோடு சம்பந்தத்தை முடித்து, கேக்கும் தின்றுவிட்டாள். கோபம் வரவேண்டும். வரவில்லை.

அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வா என்று மகளிடம் சொன்னேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். படியில் உட்கார்ந்தபடியே குடித்தேன். நம் ஊர் பீர் மாதிரி ஜில்லென்றும் இல்லை, தொண்டையைப் பிடிக்கிற நுரையும் இல்லை. முதலில் கசப்பு, பின்னால் முளைகட்டிய தானியத்தின் இனிப்பு. நன்றாகவே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தலை வலியால் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த மனிதர் போய்த் தகட்டைத் திருப்பி வைத்தார். காத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

நாமக்கல் வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக்கூட இறக்கவிடவில்லை.

"கை நனைச்சிட்டியா சாமி?"

நனைத்துவிட்டேன் என்றேன். மாப்பிள்ளை எப்படி, அப்பன் ஆத்தா எப்படி என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் தலையிலிருந்த வீக்கத்தையே பார்த்தாள்.

"அப்ப நம்ம புள்ள இனி அங்கியேதானா?" என்றாள்.

பாடி கட்ட ஒரு லாரி சேஸ் வந்து நிற்கிறது, அளவெடுக்கணும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாவியும் என்னிடம் இல்லை. வெயிலில் பூட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.