ஆர்ச்வேயில் விழுங்கிய மான் கொம்பு

ஆர்ச்வே ட்யூப் ரயில் ஸ்டேஷனிலிருந்து மேடேறி முருகன் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் என் முழங்கால் கெஞ்சுகிறது. சஷ்டி விரதம் வேறு. காலையிலிருந்து பாலும் பழமும்தான். செருப்பு விடும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் ஷூவைக் கழற்றும் யாழ்ப்பாணத்துக்காரர் கோட் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறக்கிறார்.

"ஒரு குளிசை போடுங்கோ தங்கச்சி. மான் கொம்புத் தூள். புரதம், கல்சியம், கொலாஜன் எல்லாம் இருக்கு. நானும் விரதம்தான், காலமை போட்டனான்."

"மான் கொம்பா? விரதத்துல சாப்பிடலாமா?"

"ஓம். மயிலிறகு மாதிரித்தானே, தானா விழுறது."

லேபிள் படிக்காமல் பிஸ்கட்கூட வாங்காதவள் நான். இன்றைக்குப் பார்த்து முதலில் விழுங்கிவிட்டு, பிறகு டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறேன்.

உதிர்ந்த கொம்பே இல்லை. முற்றாத இளங்கொம்பு, உள்ளே ரத்தம் ஓடும் பருவத்திலேயே, உயிரோடிருக்கும் மானிடமிருந்து அறுத்துக் காயவைத்தது. அவர் சொன்ன புரதம் அந்தத் தோலும் சதையும் ரத்தமும்தான். மாத்திரையின் கூடு மாட்டு ஜெலட்டின்.

அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் முகம் வெளுத்துப்போகிறது.

உள்ளே மணி அடிக்கிறது. அரோகரா என்ற சத்தத்தோடு எல்லோரும் தீபாராதனை பார்க்க ஓடுகிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் செருப்புகளுக்கு நடுவே நிற்கிறோம்.

"வள்ளியம்மையைப் பெத்தது மானெல்லோ, தங்கச்சி" என்கிறார்.