சின்னத்தாய் வைத்த நீலப் புள்ளிகள்

சின்னத்தாய் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர். கணவரோடும் மகளோடும் பிழைக்க வந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஓடையை ஒட்டிய சந்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக் குடித்தனம். வீட்டின் சொந்தக்காரர் சுப்பாத்தாள், கணவரை இழந்தவர், அதே சந்தின் மேட்டுப் பக்கம் இருக்கிறார்.

ஒரு ஐப்பசி மழையில் ஓடை பொங்கித் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்தது. கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சோறாக்கினார்கள். மழை ஓய்ந்ததும், வடிகால் திட்டத்துக்காக, வெள்ளம் நின்ற இடங்களைக் குடியிருப்பவர்களே செல்போன் வரைபடத்தில் குறிக்கலாம் என்று மாநகராட்சி அறிவித்தது. சொல்லித்தர நதியா என்ற கல்லூரி மாணவி வந்தார்.

சின்னத்தாய் தயங்கினார். “நாங்க வாடகைக்கு இருக்கவுக. நாங்க சொன்னா எடுத்துக்கிருவாகளாக்கா?”

“தண்ணி பூந்தது உன்ற ஊட்டுக்குள்ள. நீ சொல்லாம வேற ஆரு சொல்றது? வா கண்ணு” என்று சுப்பாத்தாள் கையோடு நதியாவிடம் அழைத்துப் போனார்.

அந்த ஞாயிறு முழுக்கச் சின்னத்தாய் நதியாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். சந்தில் குடியிருந்த ஒடிசாத் தொழிலாளர்களிடம் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே சுவரில் ஈரக்கறை நின்ற உயரத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நதியாவின் போனில் ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

வார்டு கூட்டத்தில் அந்த வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். மெயின் ரோட்டில் கால்வாய் போட இருந்த இன்ஜினியர், சந்தில் மொய்த்திருந்த புள்ளிகளைப் பார்த்து, “இங்கதாங்க மொதல்ல போடணும்” என்று ஒரு கோடு இழுத்தார். அது சுப்பாத்தாளின் காலி இடத்தின் ஓரமாகப் போனது. கணவர் வாங்கி வைத்த இடம். வாடகைக்கு விட அதில் இன்னும் இரண்டு ரூம் கட்டச் சுப்பாத்தாள் நினைத்திருந்தார்.

சின்னத்தாய் சுப்பாத்தாள் பக்கம் திரும்பினார். “யக்கா, நான் வச்ச புள்ளியாலதான…”

சுப்பாத்தாள் எழுந்து வரைபடத்தின் கிட்டே போய், கோடு போன ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜினியரிடம், “வேணுங்கற அளவு மட்டும் எடுத்துக்குங்க. நானு ஒரு ரூமே கட்டிக்கறனுங்க. இந்தப் புள்ளைங்க வருசா வருசம் கட்டல் மேல சோறாக்கறதா?” என்றார்.

வருத்தமில்லாமல் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. வீடு திரும்பும் வழியில் அந்தக் காலி இடத்தின் ஓரத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டே போனார்.

கால்வாய் வந்தது. அடுத்த மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.

அந்தத் தை மாதம் சின்னத்தாயின் மகளுக்குப் பூப்புச் சடங்கு வைத்தார்கள். முதல் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். சின்னத்தாய் நாத்தனாரிடம் முன்பே பேசி வைத்திருந்தார். நேரே போய், கடைசி வரிசையில் ஒதுங்கி நின்ற சுப்பாத்தாளின் கையில் செம்பைக் கொடுத்தார்.

“நானெல்லாம் முன்னால வரக் கூடாது கண்ணு.”

“நீங்க ஊத்தாம எம்மகளுக்கு வேற ஆரு ஊத்துறது? வாங்கக்கா.”

சுப்பாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் மெதுவாக ஊற்றி முடிக்கும் வரை நாத்தனார் பக்கத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.